அரசியலில் பெண்கள் பற்றிய பிரெஞ்சுப் பேச்சு: மாணவரின் செவித்திறனை மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் போன்ற ஊர்களில் பதினோராம் வகுப்பில் பிரெஞ்சு மொழியை எடுக்கும் மாணவர்களில் பலர் மதிப்பெண் கணக்கை மனத்தில் வைத்தே அதை எடுக்கிறார்கள். பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வாக இருப்பதால், இரண்டு ஆண்டுகள் படித்து முடித்த பின்னும் ஒரு பிரெஞ்சுக்காரர் இயல்பாகப் பேசும் இரண்டு நிமிடப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிராத மாணவர் உண்டு. காரைக்காலின் நிலை சற்று வேறு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த ஊரில், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இன்றும் பிரான்சின் தேர்தல்களில் வாக்களிக்கின்றன. அத்தகைய வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டனார் பார்க்கும் தொலைக்காட்சி வழியாகவே அம்மொழியின் ஓசை பழகியிருக்கும். இவ்விரு வகை மாணவரும் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்புக்கு, பி1 நிலையை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இடைநிலை) ஒட்டி, அரசியலில் பெண்கள் என்ற பொருளில் 20 மதிப்பெண்ணுக்கு ஒரு செவித்திறன் தேர்வை அமைத்து, நடத்தி, திருத்துவது வரையான வேலையைக் கீழே வரிசையாக விளக்குகிறேன்.

படி 1: எதை அளக்கிறோம் என்று முடிவு செய்தல்

சில ஆண்டுகளுக்கு முன், பிரான்சின் சுகாதார அமைச்சராக இருந்த சிமோன் வேய் பற்றிய மூன்று நிமிட ஒலிப்பதிவை வைத்து நான் ஒரு தேர்வு நடத்தினேன். வினாத்தாளைக் கொடுத்து முடித்த நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. சும்மா இருக்க வேண்டாமே என்று, தோன்றுகிற விடையைப் பென்சிலால் குறித்து வையுங்கள் என்று விளையாட்டாகச் சொன்னேன். மின்சாரம் வந்தபின் பார்த்தால், ஒரு சொல்லையும் கேட்காமலே பத்தில் ஆறு, ஏழு வினாக்களுக்குப் பலர் சரியான விடையைக் குறித்திருந்தார்கள். செவித்திறன் தேர்வு என்று நினைத்து நான் தயாரித்திருந்தது பொது அறிவுத் தேர்வு என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அன்றிலிருந்து எந்த வினாத்தாளையும் முதலில் ஒலிப்பதிவு இல்லாமல் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கிறேன். பிரெஞ்சு தெரிந்த, ஆனால் அந்த ஒலிப்பதிவைக் கேட்டிராத உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் போதும். அவர் ஊகத்தால் சரியாகச் சொல்லிவிடும் வினாக்களைத் தயங்காமல் நீக்கிவிட வேண்டும். அரசியலில் பெண்கள் என்ற பொருளுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியமானது; ஏனென்றால் இப்பொருளைப் பற்றி மாணவர் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே ஓர் அபிப்பிராயம் இருக்கும், காது எட்டாத இடத்தில் அந்த அபிப்பிராயம் வந்து விடை எழுதிவிடும்.

படி 2: பொருளை ஆசிரியர் தாம் முதலில் அறிதல்

மாணவருடைய அபிப்பிராயம் எங்கே தவறும் என்று தெரிந்தால்தான் ஊகத்தால் எட்ட முடியாத வினாவை எழுத முடியும். பெண்ணுரிமையில் பிரான்ஸ் நமக்கு வெகுகாலம் முந்தியது என்று நம் மாணவர் பெரும்பாலும் நினைக்கிறார்கள். உண்மையில் பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்த ஆணை 1944 ஏப்ரல் 21 அன்றுதான் அல்ஜியர்ஸில் பிறப்பிக்கப்பட்டது; அவர்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945 ஏப்ரல் 29 அன்று நடந்த நகராட்சித் தேர்தலில். சென்னை மாகாணத்திலோ, சொத்துத் தகுதி என்ற வரம்புக்கு உட்பட்டு, 1921ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்துவிட்டது. இந்தியாவில் 1966ஆம் ஆண்டிலேயே ஒரு பெண் பிரதமரானார்; பிரான்சின் முதல் பெண் பிரதமரான எதித் கிரெசோன் பதவியேற்றது 1991 மே மாதத்தில், அவருக்கு அடுத்த பெண் பிரதமரான எலிசபெத் போர்ன் பதவியேற்றது 2022 மே மாதத்தில்.

இதைவிட வியப்பான செய்தி, 1936இல் லெயோன் ப்ளும் அமைத்த அரசில் மூன்று பெண்கள் துணை அமைச்சர் நிலையில் இருந்தார்கள் என்பது. அவர்களுள் ஒருவர் நோபல் பரிசு பெற்ற இரேன் ழோலியோ-கியூரி. அரசில் பதவி வகித்த அந்த மூவருக்கும் அன்று வாக்குரிமை இல்லை. கேட்டது தவறோ என்று மாணவர் தம் காதையே சந்தேகிக்கும் இப்படிப்பட்ட செய்தி செவித்திறன் வினாவுக்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் ஊகித்து எழுதுகிறவர் இதில் நிச்சயமாகத் தவறுவார்.

இவற்றோடு வேட்பாளர்களில் ஆண் பெண் சமநிலையைக் கோரும் 2000 ஜூன் 6 நாளிட்ட சட்டம், பிரான்சு நாடாளுமன்றத்தின் கீழவையான, 577 இடங்கள் கொண்ட தேசிய மன்றத்தில் 2017இல் 224 ஆகவும், 2022இல் 215 ஆகவும், 2024இல் 208 ஆகவும் குறைந்துவந்த பெண் உறுப்பினர் எண்ணிக்கை, 2022இல் அம்மன்றத்தின் முதல் பெண் தலைவராக யாயெல் ப்ரோன்-பிவே தேர்வானது ஆகியவற்றையும் ஆசிரியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போகும் என்று எதிர்பார்க்கும் மாணவர் 224, 215, 208 என்ற வரிசையில் எளிதாக இடறுவார்கள்.

படி 3: ஒலிப்பதிவுகளைத் தெரிவு செய்தல்

மூன்று பதிவுகள் போதும். முதலாவது, வாசித்துச் சொல்லப்படும் செய்தி. ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியறிக்கையிலும், டி.வி.5 மோந்து தொலைக்காட்சி நிறுவனத்தின் மொழி கற்பிக்கும் பக்கங்களிலும் இந்த வகை எளிதில் கிடைக்கும். இரண்டாவது, மேடைப் பேச்சு அல்லது மன்றப் பேச்சு. மூன்றாவது, இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் உரையாடல். இதற்கேற்ற பதிவு கிடைக்காவிட்டால், பிரெஞ்சு நன்றாகப் பேசும் காரைக்கால் பெரியவர் ஒருவரையும் இன்னோர் ஆசிரியரையும் அமர வைத்து, குறிப்பு மட்டும் கொடுத்துப் பேசச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். முழு வசனத்தை எழுதிக் கொடுத்தால் அவர்கள் படிக்கத் தொடங்கிவிடுவார்கள், பேச மாட்டார்கள்.

1974 நவம்பர் 26 அன்று சுகாதார அமைச்சராக இருந்த சிமோன் வேய் கருக்கலைப்புச் சட்ட முன்வரைவை அறிமுகப்படுத்தித் தேசிய மன்றத்தில் ஆற்றிய உரையை ஆசிரியர்கள் அடிக்கடி நாடுகிறார்கள். நிதானமான, தெளிவான உச்சரிப்பு. அதனால் நல்ல தெரிவுதான். ஆனால் பதினாறு வயது மாணவர்களுக்கு எந்தப் பகுதியைக் கொடுப்பது என்பதைப் பள்ளியோடு பேசி முடிவு செய்வது நல்லது. ஏறத்தாழ முழுவதும் ஆண்களே நிறைந்த மன்றத்தின் முன் ஒரு பெண்ணாகப் பேச நேர்வதைப் பற்றி அவர் குறிப்பிடும் இடமே தேர்வுக்குப் போதுமானது.

ஒவ்வொரு பதிவும் ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டரை நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். எழுத்துப்படியை ஆசிரியர் தாமே காதால் கேட்டு எழுத வேண்டும்; இணையத்தில் கிடைக்கும் எழுத்துப்படியில் தயக்கங்களும் விழுங்கப்பட்ட சொற்களும் பெரும்பாலும் திருத்தப்பட்டிருக்கும், மாணவர் தடுமாறுவதோ சரியாக அந்த இடங்களில்தான்.

படி 4: தமிழ்க் காது எங்கே தவறும் என்று கண்டறிதல்

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் படியில்தான் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

பிரெஞ்சில் ‘அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்’ என்பதற்கும் ‘அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்’ என்பதற்கும், பேசப்படுவது பெண்களைப் பற்றியதாக இருக்கும்போது, ஒலியில் ஒரேயொரு மெய்தான் வேறுபாடு. இரண்டையும் தமிழில் எழுதினால் ‘எல் ஸோந்த் எலு’ என்றே எழுத முடியும். முதல் தொடரில் அந்த ‘ஸ்’ வண்டின் ரீங்காரம் போல் தொண்டை அதிர ஒலிக்கும்; இரண்டாவதில் பாம்பின் சீற்றம் போல் அதிர்வின்றி ஒலிக்கும். வாக்களித்த பெண்களா, வென்ற பெண்களா என்ற கேள்வி, அதாவது இப்பாடப்பொருளின் பாதி, இந்த ஓரொலியில் தொங்குகிறது. தமிழில் அந்த வேறுபாடு பொருளை மாற்றாது என்பதால் நம் மாணவர் காது அதைப் பொருட்படுத்தப் பழகவில்லை; காரைக்கால் வீட்டுப் பிள்ளையும் பல வேளைகளில் இதில் தவறுகிறார். தேர்வில் இதற்கு ஒரு வினா கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்தது பால் வேறுபாடு. எழுத்தில் தெளிவாகத் தெரியும் பெண்பால் விகுதி பேச்சில் பல சொற்களில் கேட்பதே இல்லை. மன்ற உறுப்பினரைக் குறிக்கும் ‘தெப்புதே’ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஒலி. மேலவை உறுப்பினரைக் குறிக்கும் ‘செனத்தேர்’, ‘செனத்ரீஸ்’ என்பனவும், வேட்பாளரைக் குறிக்கும் ‘காந்திதா’, ‘காந்திதாத்’ என்பனவும் காதுக்கே வேறுபடும். ‘மினிஸ்த்ர்’ என்பதில் முன்னால் வரும் ‘லெ’, ‘லா’ என்ற சிறு சொல்தான் காட்டிக்கொடுக்கும். ஆகவே, பேசப்படுபவர் ஆணா பெண்ணா என்று கேட்கும் வினாவை எழுதுமுன், அந்தத் தொடரில் காதுக்கு எட்டும் தடயம் ஒன்றாவது இருக்கிறதா என்று எழுத்துப்படியை மூடி வைத்துவிட்டு ஆசிரியர் கேட்டுப் பார்க்க வேண்டும். தடயம் எழுத்தில் மட்டும் இருந்தால் அது நியாயமான வினா ஆகாது.

இந்த ‘லெ’, ‘லா’ பிரான்சின் அரசியலிலேயே ஒரு சண்டையாக இருந்திருக்கிறது. 2014 அக்டோபரில் தேசிய மன்ற அமர்வுக்குத் தலைமை வகித்த சாந்த்ரீன் மசெத்தியே தம்மைப் பெண்பாலில் ‘மதாம் லா ப்ரெசிதாந்த்’ என்று விளிக்கும்படி கேட்டும், ழுலியேன் ஓபேர் என்ற உறுப்பினர் ‘மதாம் லெ ப்ரெசிதான்’ என்று ஆண்பாலிலேயே விளித்தார். அதற்காக அவருடைய மாதப் படியில் நான்கில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டது. தொழில், பதவிப் பெயர்களைப் பெண்பாலில் வழங்குவதை, பிரெஞ்சு மொழி வழக்கைக் கண்காணிக்கும் அமைப்பான பிரெஞ்சு அகாதெமி ஏற்றுக்கொண்டதே 2019 பிப்ரவரியில்தான். கிரெசோன் ஆண்பாலில் ‘ப்ரம்யே மினிஸ்த்ர்’ என்றும் போர்ன் பெண்பாலில் ‘ப்ரம்யேர் மினிஸ்த்ர்’ என்றும் அழைக்கப்பட்டதற்கு இடையே முப்பது ஆண்டு வழக்கு மாற்றம் இருக்கிறது. 2014இன் அந்தக் காட்சியைத் தேர்வில் வைத்தால், சண்டை எதைப் பற்றியது என்று ஒரே ஒரு வினா கேட்கலாம். அந்தச் சிறு சொற்களைப் பிடித்த மாணவரால் மட்டுமே விடை சொல்ல முடியும்.

‘லா மேர்’ என்ற ஒலியையும் கவனிக்க வேண்டும். பெண் நகராட்சித் தலைவர், தாய், கடல் ஆகிய மூன்றும் ஒரே ஒலிதான். பாரிசின் முதல் பெண் நகராட்சித் தலைவராக 2014இல் ஆன் இதால்கோ தேர்வான செய்தியைக் கேட்ட மாணவி ஒருவர் ‘பாரிசின் தாய்’ என்று எழுதியிருந்தார். சூழலைக் கொண்டு பொருளைத் தேரும் திறனை அளக்க விரும்பினால் இது நல்ல சொல். அந்த நோக்கம் இல்லையென்றால் தவிர்த்துவிட வேண்டும்.

‘ப்ளூ’ என்ற சொல்லை வைத்து வினா எழுதுவதற்கு நான் உடன்படுவதில்லை. ‘அதிகம்’ என்பதற்கும் ‘இனி இல்லை’ என்பதற்கும் அதே சொல்தான். பேச்சில் எதிர்மறைக் குறியை விழுங்கிவிடுவதால், கடைசி ‘ஸ்’ ஒலிக்கப்பட்டால் அதிகம், ஒலிக்கப்படாவிட்டால் சூழல்தான் துணை. அரசில் பெண்கள் கூடிவிட்டார்களா, இல்லாமலே போய்விட்டார்களா என்று பிரெஞ்சுக்காரர்களே திரும்பக் கேட்கும் இடத்தில் நம் மாணவரின் மதிப்பெண்ணைப் பறிப்பது முறையன்று.

எண்கள் பற்றி ஒரு வார்த்தை. 1991 என்பதன் கடைசிப் பகுதியை ‘காத்ர் வேன் ஓன்ஸ்’, அதாவது நான்கு இருபதும் பதினொன்றும் என்று சொல்வார்கள். 1974இல் அறுபதும் பதினான்கும். அறுபது என்று கேட்டதும் எழுதிவிட்டு, பிறகு அடித்துத் திருத்தும் மாணவரைத் தண்டிக்கக் கூடாது. ஒன்பது பத்துகளுக்கு நூறு என்ற சொல்லை உள்ளடக்கித் தொண்ணூறு என்று நாமும்தான் சொல்கிறோம் என்று வகுப்பில் சொன்னால் முணுமுணுப்புச் சற்று அடங்கும். ஒரு தேர்வில் எண் வினா இரண்டுக்கு மேல் வேண்டாம்.

படி 5: வினாக்களை எழுதுதல்

ஓர் எடுத்துக்காட்டு மூலம் விளக்குகிறேன். நான் பதிவு செய்து பயன்படுத்தும் உரையாடல் ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் பாட்டி 1945இல் முதன்முதல் வாக்களிக்கச் சென்றதைச் சொல்கிறார். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று தாத்தா காலையிலேயே சொல்லிவிடுகிறார். பாட்டி வீட்டில் சரி என்கிறார். வாக்குச்சாவடியின் திரைமறைவுக்குள் போய் வேறொருவருக்கு வாக்களிக்கிறார். அதைப் பல ஆண்டுகள் கழித்துப் பேத்தியிடம் மட்டும் சொல்கிறார்.

‘பிரான்சில் பெண்கள் முதன்முதலில் வாக்களித்த ஆண்டு எது?’ என்ற வினாவுக்குப் பாடநூல் போதும், காது தேவையில்லை. ‘பாட்டி யாருடைய விருப்பப்படி வாக்களித்தார்?’ என்று கேட்டால், ஊகிக்கிற மாணவர் ‘கணவர்’ என்பார். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கப்பட்ட பின்னும் தலைவியின் கணவரே கூட்டத்தில் பேசுவதை ஊரில் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படி ஊகிப்பது இயல்பு. கேட்ட மாணவர் மட்டுமே ‘தம் விருப்பப்படி’ என்பார். மூன்றாவதாக, ‘பேத்தி இதைச் சொல்லும்போது அவர் குரலில் தெரிவது பெருமையா, வருத்தமா, கோபமா?’ என்று கேட்கலாம். ஆனால் இத்தகைய மனநிலை வினாவுக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே கேட்டு ஒரே விடைக்கு வந்திருக்க வேண்டும். ‘இசொல்வார்’ என்ற திரைமறைவுக்கான சொல்லை மாணவர் அறிந்திருக்க மாட்டார். அதன் பொருளைச் சூழலிலிருந்து கேட்பது நான்காவது வினா.

வினாக்கள் ஒலிப்பதிவின் வரிசையிலேயே அமைய வேண்டும். இரண்டு விடைகளுக்கு இடையே எழுதுவதற்குப் போதிய இடைவெளி இருக்க வேண்டும். கொள்குறி வினாக்களில் தவறான விடைகளும் பதிவில் ஒலிக்கும் சொற்களைக் கொண்டே அமையட்டும், இல்லையென்றால் ஒரு சொல் காதில் விழுந்தவுடன் குறித்துவிடுவார்கள். மாணவருடைய சொந்தக் கருத்தை இத்தேர்வில் கேட்கக் கூடாது. இட ஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா என்பது நல்ல விவாதம். அதற்கு வேறு நாள் இருக்கிறது.

விடையை எந்த மொழியில் எழுதுவது? தமிழில் எழுதலாம் என்பதே என் முடிவு. பிரெஞ்சில் எழுதச் சொன்னால் எழுத்துத் திறனையும் சேர்த்து அளந்துவிடுகிறோம். அதற்கு உடன்படாத பள்ளிகளில், பிரெஞ்சு விடையின் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமலாவது இருக்க வேண்டும்.

படி 6: நாளும் அறையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தகரக் கூரை அறையில் செவித்திறன் தேர்வு வைக்கக் கூடாது. மழை விழத் தொடங்கினால் ஆசிரியரின் குரலே கேட்காது; மெய்யெழுத்தின் அதிர்வை எங்கே கேட்பது? மார்கழிக் காலையில் கோயில் ஒலிபெருக்கி, சம்பா அறுவடையின்போது சாலையோர அறுவடை இயந்திரம், ஆனியில் காரைக்கால் மாங்கனித் திருவிழா ஆகியவற்றையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டியிருப்பதால் பிற்பகலைவிடக் காலை முதல் வேளை நல்லது. மின்னூட்டம் ஏற்றிய ஸ்பீக்கர் ஒன்று, அதே பதிவுகள் உள்ள இரண்டாவது கைப்பேசி ஒன்று, இரண்டும் கையில் இருக்கட்டும். கடைசி பெஞ்சில் அமர்ந்து ஆசிரியர் ஒருமுறை கேட்டுப் பார்த்த பிறகே மாணவரை உள்ளே விட வேண்டும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் முன் வினாக்களைப் படிக்க ஒரு நிமிடம், பிறகு முதல் முறை ஒலிப்பு, எழுத அரை நிமிடம், இரண்டாம் முறை ஒலிப்பு, முடிக்க ஒரு நிமிடம். மூன்றாம் முறை கெஞ்சுவார்கள், இணங்க வேண்டாம்.

தேர்வுக்கு முந்தைய வகுப்பில் பொருளை அறிமுகப்படுத்துவதில் தவறில்லை. மயிலாடுதுறையை அடுத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை எதிர்த்து நடத்திய போராட்டத்திலிருந்து தொடங்கி, தேர்தல், வேட்பாளர், மன்றம் என்பனவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்களைப் பழக்கலாம். பதிவில் வரும் ஆண்டையோ ஆளையோ மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடக் கூடாது.

படி 7: திருத்துதல்

செய்திப் பதிவுக்கு 6, மன்றப் பேச்சுக்கு 6, உரையாடலுக்கு 8 என்று பிரிக்கிறேன். உரையாடல்தான் கடினம், உழைப்புக்கு ஏற்ற கூலி வேண்டும். விடைக்குறிப்பில் ஏற்கத்தக்க விடைகளோடு ஏற்கக் கூடாத விடைகளையும் எழுதிவைப்பது பிற்காலச் சண்டைகளைத் தவிர்க்கும். ‘பெண்கள் வென்றார்கள்’ என்பதும் ‘பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்’ என்பதும் ஒன்றே. ‘பெண்கள் வாக்களித்தார்கள்’ என்பதற்குப் பாதி மதிப்பெண்கூடக் கிடையாது, ஏனென்றால் அந்த வினா அளக்க வந்ததே அந்த வேறுபாட்டைத்தான். 577க்குப் பதில் 567 என்று எழுதியவருக்கு, பேசப்படுவது மன்றத்தின் மொத்த இடங்கள் என்று புரிந்திருந்தால், பாதி கொடுக்கலாம்.

பிரெஞ்சு மொழித்திறனுக்குப் பிரான்சு அரசு சான்றிதழ் வழங்கும் டெல்ஃப் தேர்வுக்குச் செல்ல விரும்பும் மாணவருக்கு இந்த 20ஐ 25ஆக மாற்றிக் காட்டுவது பயன்படும். அங்கே நான்கு திறன்களுக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 பெற வேண்டும், எந்தத் திறனிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. எழுத்தில் வலுவான மாணவர் செவித்திறனில் அந்த ஐந்தைக் கோட்டைவிட்டு மொத்தத் தேர்விலும் தவறக்கூடும் என்பதைச் சொன்னால், பயிற்சிக்கு வராதவர்களும் வருவார்கள்.

படி 8: விடைத்தாளோடு மாணவரை அமர வைத்துக் கேட்டல்

மதிப்பெண் பட்டியல் எங்கே தவறினார் என்று காட்டுமே தவிர ஏன் தவறினார் என்று காட்டாது. உயர்ந்த மதிப்பெண் பெற்ற இருவரையும் குறைந்த மதிப்பெண் பெற்ற இருவரையும் தனித்தனியே அழைத்து, அதே பதிவை நிறுத்தி நிறுத்தி ஒலிக்கவிட்டு, என்ன கேட்டது என்று தமிழில் சொல்லச் சொல்ல வேண்டும். சொல்லே காதில் விழவில்லையா, விழுந்தும் பொருள் தெரியவில்லையா, பொருள் தெரிந்தும் தம் முன்முடிவை விட மனமில்லையா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 1936இன் மூன்று துணை அமைச்சர்களுக்கும் வாக்குரிமை இல்லை என்ற தொடரைச் சரியாகவே கேட்டும், ‘அப்படி இருக்காதே சார்’ என்று மாற்றி எழுதிய மாணவர் ஒருவரை நான் கண்டிருக்கிறேன். அவருக்குத் தேவை ஒலிப் பயிற்சியன்று, கேட்டதை நம்பும் துணிவு. அந்த வினாவுக்கு மட்டும் அவருக்கு மதிப்பெண் கொடுக்க முடியவில்லை.

நல்ல மாணவரெல்லாம் தவறி, மற்றவரெல்லாம் சரியாக எழுதிய வினா ஏதேனும் இருந்தால், பிழை பெரும்பாலும் வினாவில் இருக்கும். அதை அனைவருக்கும் நீக்கிவிட்டு மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிட வேண்டும். எஞ்சிய வினாக்களை, எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்ற குறிப்போடும் தேதியோடும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இறுதியாக எழுத்துப்படியை வகுப்பில் அனைவருக்கும் கொடுத்து, அதைப் பார்த்தபடியே பதிவை இன்னொரு முறை கேட்கச் செய்ய வேண்டும். ‘எல் ஸோந்த் எலு’ வரும் இடத்தில் நிறுத்தி, எல்லோரையும் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு அந்தத் தொடரை இரு விதமாகவும் சொல்லச் சொல்லுங்கள். அதிர்வு விரலில் தெரிந்தால் அவர்கள் சொல்வது வாக்களித்தவர்களை, தெரியாவிட்டால் வென்றவர்களை.